மைக்குக்குக் கேட்டது, அரங்கத்துக்குக் கேட்கவில்லை

2004 ஜனவரி 19 இரவு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வெஸ்ட் டி மாய்ன் நகரத்து நடன அரங்கம் ஒன்றில் ஹோவர்ட் டீன் மேடையேறினார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கான போட்டியில் அன்றுதான் முதல் சுற்று முடிந்திருந்தது. ஜான் கெர்ரிக்கு 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு 18. மூன்றாவது இடம். மனமொடிந்து நின்ற இளம் தொண்டர்களுக்குத் தெம்பூட்ட வேண்டிய நேரம் அது. அரங்கத்தில் ஒரே ஆரவாரம். அதையும் மீறித் தன் குரல் கேட்க வேண்டும் என்று உரக்கப் பேசினார். அடுத்தடுத்துத் தேர்தல் நடக்கப்போகும் மாநிலங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், முடிவில் தொண்டை கிழிய ஒரு கத்துக் கத்தினார்.

அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. பலருக்கு அந்தக் கத்தல் கேட்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கோ, அமைதியான ஓர் அறையில் ஒரு மனிதர் சிவந்த முகத்தோடு காரணமே இல்லாமல் அலறுவதுபோல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு மைக். டீன் கையில் பிடித்திருந்த மைக், நேர் எதிரே இருக்கும் வாயின் சத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுற்றுப்புற இரைச்சலை ஒதுக்கிவிடும் வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து வந்த ஒலிதான் நேராகத் தொலைக்காட்சிகளுக்குப் போனது. கூட்டத்தின் ஆரவாரம் ஏறக்குறைய முழுவதும் வடிகட்டப்பட்டுவிட்டது. மேடைக் கூட்டத்துக்கு மைக் வைக்கும் எந்த ஆபரேட்டரும் இதையே செய்வார். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் வேலை. யாரும் எதையும் திரிக்கவில்லை.

அடுத்த நான்கு நாள்களில் அமெரிக்காவின் தேசியச் சேனல்களும் கேபிள் சேனல்களும் அந்தத் துண்டை 633 முறை ஒளிபரப்பின. உள்ளூர் சேனல்களும் நகைச்சுவை நிகழ்ச்சிகளும் இந்தக் கணக்கில் வராது. பிறகு ஏபிசி தொலைக்காட்சியில் டயான் சாயர், கூட்டத்துக்குள் இருந்தவர்கள் எடுத்த வேறு பதிவுகளைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினார். அவற்றில் டீனின் குரல் ஆரவாரத்துக்குள் மூழ்கிக் கிடந்தது. இதை அளவுக்கு மீறிக் காட்டிவிட்டோம் என்று சிஎன்என் பொறுப்பாளரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் 'கத்தியவர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஒரு கத்தலால்தான் டீன் தோற்றார் என்று சொல்வது சரியல்ல. மூன்றாம் இடத்துக்கு வந்த பிறகுதானே கத்தினார். ஆனால் ஒரு மனிதரின் நிதானத்தைப் பற்றி ஒரு நாடே ஒரு முடிவுக்கு வந்தது என்றால், அந்த முடிவுக்கு அடிப்படை அந்த அரங்கில் இருந்த பலருடைய காதுக்கு எட்டவே எட்டாத ஓர் ஒலி.

தொலைக்காட்சிச் செய்தியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் உடனே பொய்ச் செய்திக்குப் போய்விடுகிறோம். பழைய வீடியோ, வெட்டி ஒட்டிய வீடியோ, கணினியில் செய்த வீடியோ என்று கண்டுபிடித்துச் சொல்ல இன்று சரிபார்ப்போர் இருக்கிறார்கள். அவர்கள் வேலை மிகவும் தேவையானது. ஆனால் டீனின் வீடியோவை அவர்களிடம் கொடுத்திருந்தால் 'உண்மை' என்றுதான் முத்திரை குத்தியிருப்பார்கள். இடம் உண்மை, நாள் உண்மை, குரல் உண்மை. பார்த்தவர் மனதில் விழுந்த எண்ணம் மட்டும் நடந்ததோடு ஒட்டவில்லை. அன்றாடச் செய்திகளில் நம் கருத்தை வடிவமைப்பவற்றில் பெரும் பகுதி இந்த வகைதான். ஒவ்வொரு துண்டும் நிஜம். எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எதை வைப்பது என்ற தேர்வுதான் நம்மை ஒரு பக்கம் சாய்க்கிறது. எந்தத் தேர்வு நடந்தது என்பது மட்டும் திரையில் தெரிவதே இல்லை.

அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கோடைக் காலம், ஒரு பேரூராட்சியில் குடிநீர்த் தட்டுப்பாடு, பெண்கள் காலிக் குடங்களோடு சாலை மறியல் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாசில்தார் வந்து பேசுகிறார்: "நாளைக்குள்ள லாரி வந்துடும்மா. எல்லாத் தெருவுக்கும் ஒரே நாள்ல குடுக்க முடியாது. மொதல்ல மேட்டுத்தெருவுக்கு, அங்கதான் ரொம்ப கஷ்டம். மத்தவங்களுக்கு மறுநாள்." மாவட்ட நிருபர் நாற்பது நிமிட விஷுவல் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்புகிறார். செய்தி ஒன்றரை நிமிடம். தாசில்தாரின் பைட்டுக்கு, அதாவது பேச்சுத் துண்டுக்கு, பத்து விநாடிக்கு மேல் இடமில்லை. எடிட்டர் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுக்கிறார்: "எல்லாத் தெருவுக்கும் ஒரே நாள்ல குடுக்க முடியாது." அதற்கு முன்னால் வரிசையாகக் கிடக்கும் காலிக் குடங்கள். அதற்குப் பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைக்கும் ஒரு பாட்டி. கீழே மெல்லிய சோக இசை. பார்ப்பவருக்குத் தாசில்தார் மேல் கோபம் வராமல் இருக்குமா?

அதே நாற்பது நிமிடத்திலிருந்து வேறொரு செய்தியும் செய்யலாம். சாலையில் சிக்கி நிற்கும் ஆம்புலன்ஸ், வெயிலில் வியர்த்து நிற்கும் பள்ளிக் குழந்தைகள், "நாளைக்குள்ள லாரி வந்துடும்மா" என்ற முதல் வாக்கியம், அதற்குப் பிறகும் எழுந்திருக்க மறுத்துக் கை நீட்டிப் பேசும் ஒரு பெண்ணின் நெருக்கமான முகம். இப்போது கோபம் மறியல் செய்தவர்கள் மேல் போகும். இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தாசில்தார் மறுப்புக் கடிதம் அனுப்பினாலும், "நீங்கள் சொன்னதைத்தானே போட்டோம்" என்ற பதில் தயாராக இருக்கும்.

பேச்சுத் துண்டுகள் சுருங்கிக்கொண்டே போவது தொலைக்காட்சியின் பழைய நோய். அமெரிக்கத் தேர்தல் செய்திகளை அளந்து பார்த்த டேனியல் ஹாலின், 1968இல் ஒரு வேட்பாளர் இடைமறிப்பில்லாமல் பேசும் நேரம் சராசரியாக 43 விநாடி இருந்தது என்றும், 1988இல் அது 9 விநாடியாகக் குறைந்துவிட்டது என்றும் காட்டினார். 43 விநாடியில் ஒருவர் ஒரு காரணத்தைச் சொல்லி, ஒரு விதிவிலக்கையும் சேர்த்துவிடலாம். 9 விநாடியில் முடிவை மட்டும்தான் சொல்ல முடியும். மிச்ச நேரத்தில் யார் பேசுகிறார்? நிருபர் பேசுகிறார், செய்தி வாசிப்பவர் பேசுகிறார். தலைவரின் உதடு அசைந்துகொண்டிருக்கும்; கேட்பது வாய்ஸ் ஓவர். அவர் என்ன சொன்னார் என்பதை விட, அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று சேனல் நினைக்கிறது என்பதே நம்மை வந்தடைகிறது.

ஒலி இப்படி என்றால், கேமரா நிற்கும் இடம் செய்கிற வேலை இன்னும் நுட்பமானது. அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேனியல் லாசிட்டர் 1980களிலிருந்து இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். போலீஸ் விசாரணை ஒன்றை ஒரே நேரத்தில் மூன்று கேமராக்களால் எடுப்பது. ஒன்றில் சந்தேக நபர் மட்டும், இன்னொன்றில் விசாரிப்பவர் மட்டும், மூன்றாவதில் பக்கவாட்டிலிருந்து இருவரும். உரையாடல் ஒன்றே, ஒரு சொல் மாறவில்லை. சந்தேக நபரின் முகத்தை மட்டும் பார்த்தவர்கள், அவர் தானாக விரும்பித்தான் ஒப்புக்கொண்டார் என்று கருதும் போக்கு அதிகமாக இருந்தது. விசாரிப்பவரையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அங்கே நெருக்குதல் இருந்தது என்பது உறைத்தது. திரையை யார் நிறைக்கிறாரோ அவரிடமே நடந்ததற்கான காரணமும் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

இந்த ஆராய்ச்சியில் என்னை உலுக்கியது அடுத்து வந்த முடிவுகள். கேமராக் கோணம் உங்களை ஏமாற்றலாம், கவனமாக இருங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் அந்தச் சாய்வு போய்விடவில்லை. நீதிபதிகளையும் போலீஸ் அதிகாரிகளையும் உட்கார வைத்துக் காட்டியபோதும் அதே சாய்வு தெரிந்தது. இந்த வகை ஆய்வுகளின் பயனாக நியூசிலாந்தில் போலீஸ் விசாரணையை இரு தரப்பும் சமமாகத் தெரியும்படி பதிவு செய்வது வழக்கமாக்கப்பட்டது. பார்ப்பவரைத் திருத்துவதை விட்டுவிட்டுக் கேமராவை நகர்த்தி வைத்தார்கள். செய்திச் சேனல்களைப் பற்றி யோசிக்கும்போது இதை நாம் மறக்கக் கூடாது. "மக்கள் விழிப்போடு பார்க்க வேண்டும்" என்ற அறிவுரையை எல்லோரும் சொல்கிறோம். விழிப்பு வேண்டும்தான். ஆனால் தொழிலாகவே சாட்சியங்களை எடைபோடும் நீதிபதியின் விழிப்பே போதவில்லை என்றால், வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன் உட்காரும் ஒருவர் தலையில் முழுப் பொறுப்பையும் ஏற்றுவது எப்படி நியாயம்?

கேமரா சாய்க்கிறது என்பதற்கும் மேலே போய், சில நேரம் அது நிகழ்ச்சியையே உண்டாக்குகிறது. இதை முதன்முதலில் கையும் களவுமாகக் காட்டியவர்கள் கர்ட் லாங், கிளாடிஸ் லாங் தம்பதி. 1951 ஏப்ரலில் அதிபர் ட்ரூமன், கொரியப் போரில் படைகளை நடத்திக்கொண்டிருந்த ஜெனரல் மக்கார்தரைப் பதவியிலிருந்து நீக்கினார். நாடு திரும்பிய மக்கார்தருக்கு ஊர் ஊராக வரவேற்பு. ஏப்ரல் 26 அன்று சிகாகோவில் ஊர்வலம். அன்று 31 பார்வையாளர்கள் ஊர்வலப் பாதையில் ஆங்காங்கே நின்று, கண்டதையும் கேட்டதையும் குறித்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் தொலைக்காட்சி ஒளிபரப்பு முழுவதும் கவனித்துப் பதிவு செய்யப்பட்டது. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

தொலைக்காட்சியில் தெரிந்தது கட்டுக்கடங்காத எழுச்சி. திரையின் நடுவில் எப்போதும் ஜெனரல், அவரைச் சுற்றிக் கையசைத்து ஆர்ப்பரிக்கும் முகங்கள், உணர்ச்சி பொங்கும் வர்ணனை. தெருவில் நின்றவர்கள் கண்டதோ நீண்ட காத்திருப்பு, கால் வலி, ஒரு கார் கடந்துபோகும் சில நொடிகள், பிறகு கலைந்துபோகும் கூட்டம். பேசாமல் வீட்டிலேயே இருந்து டிவியில் பார்த்திருக்கலாம் என்று அலுத்துக்கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கேமரா காரோடு கூடவே போனதால், கார் எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தின் ஆரவாரம் மட்டுமே திரையில் தொடர்ந்து வந்தது. கார் போனதும் அந்த இடம் அடங்கிவிடுவது தெரியவே இல்லை. கேமரா தம் பக்கம் திரும்பியதைப் பார்த்ததுமே ஆர்ப்பரித்தவர்களும் உண்டு. வீட்டில் இருந்தவர் நாடே மக்கார்தர் பின்னால் நிற்கிறது என்று நம்பினார். அரசியல்வாதிகளும் வீட்டில் டிவி பார்ப்பவர்கள்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாக்தாத். 2003 ஏப்ரல் 9, ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேனின் சிலை சாய்க்கப்பட்டது. வெளிநாட்டு நிருபர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் அந்தச் சதுக்கத்தை ஒட்டியே இருந்தது. போர் நடந்த நகரத்தில் அத்தனை கேமராக்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் நடந்த காட்சி அது. நெருக்கமான ஷாட்களில் திரை கொள்ளாத கூட்டம். தூரத்திலிருந்து எடுத்த அகன்ற படங்களில் சதுக்கத்தின் பெரும் பகுதி காலியாகக் கிடந்தது. கடைசியில் சிலையைச் சாய்த்தது அமெரிக்க மரைன்களின் வண்டி. ஷான் ஏடேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் அன்றைய ஒளிபரப்பை எண்ணிப் பார்த்தார்கள். ஃபாக்ஸ் நியூஸ் சராசரியாக 4.4 நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் காட்சியைக் காட்டியிருந்தது, சிஎன்என் 7.5 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒரு போர் முடிந்துவிட்டது என்ற எண்ணம் மனதில் பதிய அது போதும். அன்று ஈராக்கின் பிற பகுதிகளில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தப் போர் அதற்குப் பின் எத்தனை ஆண்டுகள் இழுத்தது என்பது நமக்குத் தெரியும்.

திரும்பத் திரும்பக் காட்டுவது என்றதும் தமிழர்களுக்கு 2001 ஜூன் 30 நினைவுக்கு வரும். மேம்பால வழக்கில் முன்னாள் முதல்வர் கருணாநிதி விடியலுக்கு முன் கைது செய்யப்பட்ட காட்சியைச் சன் டிவி நாள் முழுவதும் ஒளிபரப்பியது. 77 வயதுப் பெரியவரைப் போலீஸார் இழுத்துத் தூக்கும் காட்சி, அவருடைய அலறல். மறுபக்கம் ஜெயா டிவியில் வேறு காட்சிகள் ஓடின. போலீஸைத் தடுத்துத் தள்ளியவர்கள் அங்கிருந்த மத்திய அமைச்சர்கள்தான் என்று அவை சொல்லின. ஒரு சேனல் கருணாநிதியின் உறவினர் குடும்பத்துடையது, இன்னொன்று ஆளும் அதிமுகவுக்கு நெருக்கமானது. இந்தக் கைதின் அதிர்வு டெல்லி வரை போய், ஆளுநர் பாத்திமா பீவி பதவி விலகுவதில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பு எழுத வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே இரவில் நடந்தது இரண்டு வெவ்வேறு கதைகளாக வெளியே வந்தது. முழுப் பதிவையும் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிக் காட்டும் எண்ணம் இரு பக்கத்துக்கும் இல்லை. அன்று இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள்கூட, பெரும்பாலும் தாம் ஏற்கெனவே நம்பியதற்குச் சாட்சி தேடித்தான் பார்த்திருப்பார்கள்.

வரிசையும் ஒரு தேர்வுதான். இதற்குப் பிரிட்டனின் ஓர்க்ரீவ் சம்பவத்தை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1984 ஜூன் 18. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவில், யார்க்ஷயரில் இருந்த கோக் ஆலை வாசலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் போலீஸாரும் மோதிக்கொண்டார்கள். அன்று மாலை பிபிசி செய்தியில் தொழிலாளர்கள் கல்லெறிந்தார்கள், அதற்குப் பின் குதிரைப் போலீஸ் பாய்ந்தது. குதிரைகள்தான் முதலில் பாய்ந்தன என்றார்கள் தொழிலாளர்கள். அவசரத்தில் செய்தி தயாரித்தபோது காட்சிகளின் வரிசையில் தவறு நேர்ந்துவிட்டது என்று பிபிசி சில ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது. கல்லும் நிஜம், குதிரையும் நிஜம். எது முன்னால் வருகிறதோ அது காரணம் ஆகிவிடுகிறது, பின்னால் வருவது விளைவு ஆகிவிடுகிறது. 'பதிலடி' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவே வேண்டாம், வரிசையே சொல்லிவிடும். 95 தொழிலாளர்கள் மேல் தொடரப்பட்ட வழக்கு 1985இல் நீதிமன்றத்தில் நிற்காமல் போனது. 1991இல் தெற்கு யார்க்ஷயர் போலீஸ் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அந்த நாளைப் பற்றி முறையான விசாரணை நடத்தப்படும் என்று பிரிட்டன் அரசு அறிவித்தது 2025 ஜூலையில். அன்று மாலை பதிந்த எண்ணத்தை அவிழ்க்க 41 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதே வரிசைக் கேள்வி நம் ஊரிலும் எழுந்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாள்களில் நம் திரைகளில் இரண்டு காட்சிகள் மாறி மாறி வந்தன: எரியும் வாகனங்கள், வேன் மேல் ஏறி நின்று துப்பாக்கியால் குறி பார்க்கும் மஞ்சள் சட்டைப் போலீஸ்காரர். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வந்தது, இரண்டுக்கும் இடையில் எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம்? துப்பாக்கிச் சூடு தேவையாக இருந்ததா என்ற கேள்விக்கு விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு விசாரணை ஆணையம் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் தேட வேண்டியிருந்த விவரம் அது. செய்தித் தொகுப்பில் இரண்டு காட்சிகளும் அடுத்தடுத்த விநாடிகளில் வந்து போயின.

ஸ்டூடியோவில் சேர்க்கப்படும் ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேக்கிங் செய்திக்கு ஒரு 'டங்' சத்தம், விவாதத்துக்கு முன் உறுமி அடிப்பது போன்ற ஒரு முழக்கம், விபத்துக்குப் புல்லாங்குழல், குற்றச் செய்திக்குத் திகில் பட இசை. காதுக்குப் பழகிப்போய்விட்டதால் இவற்றை நாம் செய்தியின் பகுதியாகக் கருதுவதில்லை. ஆனால் செய்தி வாசிப்பவர் வாயைத் திறக்கும் முன்பே நாம் பயப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்பதை அந்த இசை முடிவு செய்துவிடுகிறது. 2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதலின்போது பல சேனல்கள் விமானத் தாக்குதல் அபாயச் சங்கின் ஒலியைத் தங்கள் நிகழ்ச்சிகளில் பின்னணியாக ஓட்டின. எல்லையோரப் பஞ்சாபிலோ ஜம்முவிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்தச் சங்கொலி ஒரே ஒரு பொருளைத் தர வேண்டும்: உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போ. நாள் முழுவதும் டிவியில் அதைக் கேட்டுப் பழகிய காது, நிஜச் சங்கு ஊதும்போது எழுந்திருக்குமா? மே 10 அன்று குடிமைப் பாதுகாப்புத் துறை தலையிட்டு, விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் தவிர வேறெதிலும் அந்த ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. ஒலி மனதை மட்டும் சாய்ப்பதில்லை, உயிருக்கும் உலை வைக்கலாம் என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

இதையெல்லாம் சொல்லும்போது செய்தித் துறையில் இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்; அது நியாயமான கேள்விதான். நாற்பது நிமிடத்தை அப்படியே போட முடியுமா? முடியாது. தேர்வு இல்லாமல் செய்தி இல்லை. கேமரா எங்காவது நின்றுதான் ஆக வேண்டும். கல் பறக்கும் இடத்தில் கேமராமேன் போலீஸ் வரிசைக்குப் பின்னால் ஒதுங்குவது உயிர் பயத்தில்; அவருடைய கேமரா போலீஸின் கண்ணாக மாறிவிடுவது அவர் திட்டமிட்டதல்ல. மாவட்ட நிருபர்கள் பலர் ஒரு நாளைக்கு நாலைந்து செய்திகளுக்கு ஓடுகிறார்கள். டெஸ்க்கில் இருப்பவருக்கு அடுத்த புல்லட்டின் பத்து நிமிடத்தில். பக்கத்துச் சேனல் போட்டுவிட்டது என்ற நெருக்கடி வேறு. இந்தச் சாய்வுகளில் பெரும்பாலானவை சதியால் வருபவை அல்ல. அவசரத்தாலும் வசதியாலும் வருபவை. ஓர்க்ரீவில் பிபிசி சொன்னதும் அதுதான். ஆனால் அவசரத்தால் வந்தது என்பதற்காக விளைவு குறைந்துவிடாது. சதி என்றால் ஒருநாள் அம்பலமாகலாம். பழக்கம் என்றால் அம்பலமாக எதுவும் இல்லை, தினமும் நடந்துகொண்டே இருக்கும்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் தேர்வும் தப்பான இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதை ஷாந்தோ ஐயங்கார் 1991இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். வறுமையைப் பற்றிய செய்தியை ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் கதையாகக் காட்டுவது ஒரு வகை. வேலை, கூலி, அரசுத் திட்டம் என்று பின்புலத்தோடு காட்டுவது இன்னொரு வகை. முதல் வகை நம் மனதை இளக்கும், அதனால் அரசைக் கேள்வி கேட்க வைக்கும் என்றுதான் எந்த நிருபரும் நினைப்பார். ஐயங்காரின் சோதனைகளில் நடந்தது நேர்மாறு. தனிக் குடும்பத்தைப் பார்த்தவர்கள் அந்த நிலைமைக்கு அந்த மனிதர்களையே பொறுப்பாக்கும் போக்கு கூடியது. பின்புலத்தைப் பார்த்தவர்கள்தான் சமூகத்தையும் அரசையும் பொறுப்பாக்கினார்கள். லாசிட்டர் கண்டதும் ஏறக்குறைய இதேதான்: திரையில் ஒருவரே தெரிந்தால் காரணமும் அவரே. விவசாயி தற்கொலை, கந்துவட்டிச் சாவு, மாணவி தற்கொலை என்று நம் சேனல்கள் அழுத முகங்களை நெருக்கமாகக் காட்டும்போது, அந்த இரக்கம் கடைசியில் யார் மேல் பழியாகத் திரும்புகிறது என்று டெஸ்க்கில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். அழும் தாயின் முகத்துக்கு முன் மைக்கை நீட்டும் வழக்கத்தை நிறுத்துவதற்குக் கண்ணியம் ஒன்றே போதுமான காரணம். அது பயனும் தருவதில்லை என்பது கூடுதல் காரணம்.

ஆகவே கேட்க வேண்டியது, தேர்வு செய்யாதீர்கள் என்பதல்ல. என்ன தேர்வு செய்தீர்கள் என்பதைத் திரையிலேயே காட்டுங்கள் என்பதுதான். இது எட்டாக்கனி இல்லை. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக் காட்சிகள் நாள் கணக்கில் திரும்பத் திரும்ப ஓடின. பார்க்கிறவர்களுக்கு இப்போதுதான் நடக்கிறதோ, மறுபடியும் சரிந்துவிட்டதோ என்ற பதற்றம். ஆகஸ்டில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இயற்கைப் பேரிடர், பெரும் விபத்துக் காட்சிகளில் அவை எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் திரையிலேயே போட வேண்டும் என்று சேனல்களுக்கு அறிவுறுத்தியது. சின்ன விஷயம், ஆனால் பார்ப்பவர் எச்சரிக்கையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். நியூசிலாந்தில் கேமராவை நகர்த்தியது போன்ற தீர்வு இது.

இதைப் பேரிடரோடு நிறுத்த வேண்டியதில்லை. போராட்டம், கைது, தடியடி, துப்பாக்கிச் சூடு ஆகியவற்றின் ஒவ்வொரு ஷாட்டிலும் மணி நிமிடம் இருந்தால், கல் முதலா குதிரை முதலா என்ற சண்டைக்கே இடமிருக்காது. நெருக்கமான கூட்டக் காட்சியோடு ஓர் அகன்ற ஷாட்டையும் சேர்க்கச் சில விநாடிகள் போதும். காட்சியைப் போலீஸ் கொடுத்ததா, கட்சி கொடுத்ததா, சொந்தக் கேமராவா என்பதை மூலையில் ஒரு வரியில் எழுதலாம். தேர்தல் கூட்டங்களில் கட்சிகளே ஏற்பாடு செய்யும் ட்ரோன், கிரேன் காட்சிகளை வாங்கிப் போடும் சேனல்கள் இதை முதலில் செய்ய வேண்டும். செய்தித் தொகுப்பில் பின்னணி இசையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தின் இயல்பான ஒலியை விட வேண்டும். முழு பைட்டுக்குப் புல்லட்டினில் இடமில்லை என்பது சரி. ஆனால் இன்று யூடியூப் பக்கம் இல்லாத தமிழ்ச் செய்திச் சேனல் ஏது? பத்து விநாடி வெட்டி எடுத்த பேட்டியின் முழு வடிவத்தையும் அங்கே ஏற்றிவிட்டு, திரையில் அதைக் குறிப்பிட்டால் தாசில்தாரும் கேள்வி கேட்க மாட்டார், மக்களும் தாங்களே பார்த்து முடிவு செய்வார்கள்.

பார்வையாளருக்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் அது தெரிவதில்லை. 2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, ஒரு நிகழ்ச்சியைப் பற்றி யாரும் நேரடியாகச் சேனலுக்கே புகார் அனுப்பலாம். சேனல் 15 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். புகாரில் "பொய் சொன்னீர்கள்" என்று எழுதினால் எளிதில் மறுத்துவிடுவார்கள். "இந்த பைட்டுக்கு முன்னாலும் பின்னாலும் அவர் என்ன சொன்னார், இந்த இரண்டு காட்சிகளும் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டவை" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அல்லது பதில் இல்லை என்பதாவது பதிவாகும்.

ஆனால் அந்தப் பதிலைச் சரிபார்க்க மூலப் பதிவு இருக்க வேண்டும். ஒளிபரப்பான நிகழ்ச்சிகளைச் சேனல்கள் 90 நாள்கள் சேமித்து வைக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அது ஒளிபரப்பானதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. குடிநீர் மறியல் செய்தியில் வெட்டி ஒதுக்கிய மிச்ச முப்பத்தெட்டரை நிமிடம் போன்றவற்றைப் பற்றிப் பேசவில்லை. உயிரிழப்பு நேர்ந்த எந்தச் சம்பவத்திலும், அங்கே எடுத்த முழு மூலப் பதிவையும் விசாரணை முடியும் வரை அழிக்கக் கூடாது என்று ஒரு வரியை அந்த நிபந்தனையோடு சேர்க்க அமைச்சகத்துக்கு நாடாளுமன்றம் தேவையில்லை. அதுவரை காத்திருக்காமல், தூத்துக்குடி போன்ற ஒரு நாள் இன்னொரு முறை வருமானால் தங்கள் கேமராக்கள் எடுத்த ஒரு விநாடியையும் அழிக்க மாட்டோம் என்று தமிழ்ச் செய்திச் சேனல்கள் தாங்களாகவே இப்போது அறிவிக்கலாம்.